கடற்கரைப் பாடங்களின் பூட்டைக் கழற்றுங்கள்: தள நிர்வாகிகளுக்கு ஒரு திறந்த மடல்

தள நிர்வாகக் குழுவினருக்கு,

உங்கள் கூட்டுக் கற்றல் தளத்தில் யாரும் எதையும் திருத்த முடியாதபடி பூட்டிவிட்டீர்கள். "பாதுகாப்பு கருதி" என்று இரண்டு வரி அறிவிப்பு. திருத்தம் இருந்தால் படிவத்தில் எழுதி அனுப்பலாம், பரிசீலிக்கப்படும் என்று மூன்றாவது வரி. தொண்டி, தேவிபட்டினம், மண்டபம், பாம்பன், தங்கச்சிமடம், கீழக்கரை, ஏர்வாடி என்று இராமநாதபுரம் கடற்கரை நெடுக இந்தப் பாடங்களை எழுதியும் திருத்தியும் நடத்தியும் வருபவர்கள் நாங்கள். அந்தப் படிவத்தை எங்களால் ஏற்க முடியாது. ஏன் என்பதையும், பூட்டு எந்த இடத்தில் தவறாக விழுந்திருக்கிறது என்பதையும், அதை எப்படிக் கழற்றுவது என்பதையும் கீழே சொல்கிறோம். கழற்றுவது ஒரு மணி நேர வேலைதான்.

பூட்டு வந்த காரணம் எங்களுக்கும் தெரியும். கடல்சார் பாடப்பிரிவில் ஒருவர் தான் எழுதிய ஒரு பக்கத்தை நீக்கப் போய், பலர் சேர்ந்து எழுதும் பக்கங்களின் தொகுப்பான அந்த விக்கி முழுவதையும் நீக்கிவிட்டார். உங்கள் தளம் ஓடும் மூடில் மென்பொருளில், நீக்கிய செயற்பாடு (விக்கி போன்ற ஒரு பாட உறுப்பு) உடனே அழியாது. ரீசைக்கிள் பின்னில் கிடக்கும். அமைப்பை மாற்றாமல் விட்டிருந்தால் அதற்கு ஆயுள் 7 நாள். அந்த 7 நாளில் யாரும் அங்கே எட்டிப் பார்க்கவில்லை. அதன் பிறகு, குறித்த நேரத்தில் தானாக ஓடும் கிரான் வேலை அதைத் துடைத்துவிட்டது. அவர் செய்த பிழை ஒரே ஒரு கிளிக். அந்தக் கிளிக்கைச் செய்யும் அதிகாரம் அவருக்கு எங்கிருந்து வந்தது என்பதைத்தான் முதலில் கேட்டிருக்க வேண்டும். புதிதாகச் சேர்ந்த அத்தனை பேருக்கும் 'டீச்சர்' ரோலை (ஒருவர் எதையெல்லாம் செய்யலாம் என்ற அதிகாரங்களின் தொகுப்புதான் ரோல்), அதுவும் பாடப்பிரிவு மட்டத்தில், மொத்தமாகக் கொடுத்தது நீங்கள். பாடப்பிரிவு மட்டத்தில் கொடுத்த ரோல் அதன் கீழுள்ள ஒவ்வொரு பாடத்துக்கும், பாடத்துக்குள் இருக்கும் ஒவ்வொரு செயற்பாட்டுக்கும் தானாக இறங்கிவிடும். ஒரு வீட்டுக்குச் சாவி கேட்டவர் கையில் தெருவில் உள்ள எல்லா வீட்டுச் சாவியும் சேர்ந்திருந்தது.

அந்தச் சாவிக்கொத்தைத் திரும்ப வாங்கியிருந்தால் போதும். நீங்கள் செய்தது மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தின கதை.

எந்த இடத்தில் பூட்டு விழுந்திருக்கிறது என்பது யூகம் இல்லை. பாடத்துக்குள் 'பெர்மிஷன்ஸ்' பக்கத்தைத் திறந்தால் ஒவ்வொரு அதிகாரத்துக்கும் எதிரே இரண்டு நெடுவரிசைகள் வரும்: எந்த ரோல்களுக்கு அனுமதி, எந்த ரோல்களுக்கு முழுத்தடை. விக்கிப் பக்கம் திருத்துவது, சொற்பொருள் பட்டியலான குளோசரியில் பதிவு எழுதுவது, பதிவுகளை மேலாண்மை செய்வது ஆகிய மூன்றுக்கும் எதிரே முழுத்தடை நெடுவரிசையில் 'ஆத்தென்டிகேட்டட் யூசர்' என்று இருக்கிறது. உள்நுழைந்த ஒவ்வொருவருக்கும் பிறவியிலேயே ஒட்டியிருக்கும் ரோல் அது. மாணவர், ஆசிரியர், பாடம் உருவாக்குபவர் எல்லோரும் முதலில் 'ஆத்தென்டிகேட்டட் யூசர்'. மற்ற ரோல் எல்லாம் அதற்கு மேல்தான்.

மூடிலில் ஓர் அதிகாரத்துக்கு நான்கு நிலைகள். ஒன்றும் சொல்லாமல் விடுவது, அனுமதிப்பது ('அலவ்'), தடுப்பது ('பிரிவென்ட்'), முழுத்தடை ('புரொகிபிட்'). கடைசி இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோல் இருந்தாலும் ஒன்றல்ல. தளம் முழுவதற்கும் 'பிரிவென்ட்' போட்டால், கீழே ஒரு பாடத்திலோ ஒரே ஒரு விக்கியிலோ 'அலவ்' கொடுத்து அதை மீறலாம். ஒருவருக்கு இரண்டு ரோல் இருந்து, ஒன்றில் 'பிரிவென்ட்', இன்னொன்றில் 'அலவ்' என்றாலும் 'அலவ்' செல்லும். 'புரொகிபிட்' அப்படி இல்லை. ஒருவருக்கு இருக்கும் ரோல்களில் ஏதாவது ஒன்றில் அது இருந்துவிட்டால் போதும். அதற்குக் கீழே யார் என்ன அனுமதி கொடுத்தாலும் செல்லாது. எங்கள் பாட ஆசிரியர்கள் சிலர் தங்கள் பாடத்தில் 'அலவ்' கொடுத்துப் பார்த்துவிட்டு, மூடிலே கெட்டுவிட்டது என்று நினைத்தார்கள். கெடவில்லை, சொன்னபடி கேட்கிறது.

உங்களுக்கு இது ஏன் தெரியவில்லை என்பதற்கும் காரணம் இருக்கிறது. தள நிர்வாகிக்கு இந்தச் சோதனை எதுவும் பொருந்தாது. முழுத்தடை இருந்தாலும் அவர் கணக்கில் எல்லாப் பொத்தானும் வேலை செய்யும். புகார் வந்ததும் உங்களில் ஒருவர் தன் கணக்கில் நுழைந்து, ஒரு விக்கிப் பக்கத்தைத் திருத்திச் சேமித்துப் பார்த்து, "எங்களுக்கு வேலை செய்கிறது" என்று பதில் போட்டார். நிர்வாகிக் கணக்கை வைத்துக்கொண்டு அனுமதியைச் சோதிப்பது, வீட்டுக்காரரே உள்ளே இருந்துகொண்டு கதவு திறந்திருக்கிறதா என்று பார்ப்பது மாதிரி. வேறு ரோலில் இருப்பவர்போல் பார்க்க உதவும் 'ஸ்விட்ச் ரோல்' வைத்துப் பார்ப்பதும் முழு விடை தராது. ஒரு மாணவர், ஒரு திருத்துநர், ஒரு வெளியாள் என்று மூன்று சோதனைக் கணக்குகள் உருவாக்கி, வேறொரு பிரௌசரில் நுழைந்து பார்க்க வேண்டும்.

பூட்டியிருக்கும்போது பாடத்துக்குள் என்ன நடக்கிறது என்று பாருங்கள்.

காற்றுகள் பற்றிய பாடத்தில் 'கச்சான்' என்ற சொல்லுக்கு குளோசரியில் 'நிலக்கடலை' என்று பொருள் இருக்கிறது. எழுதியவர் மேல் குற்றம் இல்லை. யாழ்ப்பாணத்தில் கச்சான் என்றால் கடலைதான். எங்கள் கரையில் அது மேற்கிலிருந்து அடிக்கும் காற்று. ஒரு மூலையில் கிடக்கும் தவறு என்று இதை விட முடியாது. குளோசரியில் தானியங்கி இணைப்பு இயங்குகிறது. அதனால் அந்தப் பாடத்தில் 'கச்சான்' என்று வருகிற இடமெல்லாம் அதுவே சுட்டியாக மாறி, தொட்டால் கடலையில் போய் நிற்கிறது. "கச்சான் காலத்தில் வலை போடும் முறை" என்று படித்துக்கொண்டே வரும் எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒரு தடவை சிரிப்பான். வாடை, கொண்டல், சோழகம் என்று மற்ற காற்றுகளுக்குப் போட்டிருக்கும் பொருளையும் அதன் பிறகு நம்ப மாட்டான். இதைச் சரிசெய்ய, பதிவைத் திறந்து ஒரு வரியை மாற்றினால் போதும். கூடவே 'கீவேர்ட்' பெட்டியில் கச்சானில், கச்சானுக்கு, கச்சான்காற்று என்று வேற்றுமை உருபு சேர்ந்த வடிவங்களையும் போட வேண்டும். முழுச்சொல் பொருந்தினால் மட்டும் இணை என்ற அமைப்பு இருக்கும்போது, தமிழில் உருபு ஒட்டிய சொல் இணையவே இணையாது. இந்த விவரமெல்லாம் உங்கள் படிவத்தின் எந்தப் பெட்டியில் அடங்கும்?

தடைக்காலம் பற்றிய பக்கம் இன்னும் 45 நாள் என்கிறது. தமிழ்நாட்டின் கிழக்குக் கடற்கரையில் 2017 முதல் அது 61 நாள்: ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. விசைப்படகுகளுக்கும் இழுவைப்படகுகளுக்கும் தடை, நாட்டுப்படகுகள் போகலாம். குமரி மாவட்டத்தின் மேற்குக் கரைக்கு மட்டும் தேதி வேறு, ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. இந்தப் பாடத்தைப் படிக்கும் பிள்ளைகளில் பாதிப் பேர் வீட்டில், அந்த 61 நாளும் அப்பா கரையில் உட்கார்ந்திருப்பார். பிள்ளைக்குத் தெரிந்தது பாடத்துக்குத் தெரியவில்லை.

பாம்பன் பாலப் பக்கம் 1914இல் திறந்த பாலத்தில் ரயில் இன்னும் ஓடுவதாக எழுதியிருக்கிறது. 2022 டிசம்பரில் அதில் ரயில் நின்றது. 2025 ஏப்ரல் 6 அன்று புதிய பாலம் திறந்தார்கள். பழைய பாலத்தின் நடுப்பகுதி இரண்டு கதவாக மேல்நோக்கி விரியும், புதியதில் 72.5 மீட்டர் நீளத் துண்டு அப்படியே செங்குத்தாக மேலே ஏறும். கப்பல் போக வழி விடும் முறை என்பதுதான் அந்தப் பாடத்தின் தலைப்பே!

இவையாவது அறியாமை. கடலட்டைப் பக்கம் ஆபத்து. உலர்த்தி ஏற்றுமதி செய்யும் கடல் வளங்களின் பட்டியலில் அதையும் சேர்த்திருக்கிறார்கள். 2001 முதல் கடலட்டை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் பாதுகாக்கப்பட்ட உயிரினம். பிடிப்பதும் வைத்திருப்பதும் விற்பதும் குற்றம். மன்னார் வளைகுடாவின் கரையில், இளைஞர்கள் படிக்கும் பாடத்தில் இப்படி ஒரு வரி ஒரு நாள்கூட இருக்கக் கூடாது. படிவத்தில் இதை முதல் ஆளாக எழுதி அனுப்பினோம். "பெறப்பட்டது" என்று தானியங்கிப் பதில் வந்தது. வரி அப்படியே இருக்கிறது.

படிவம் ஏன் தோற்கும் என்பதை உங்கள் ஊழியர் மேல் பழி போடாமல் சொல்லலாம். திருத்தத்தைப் படிப்பவருக்கு அந்தத் திருத்தம் சரியா என்று முடிவு செய்யும் அறிவு வேண்டும். எங்கோ தொலைவில் அலுவலகத்தில் இருப்பவர் 'ஆவுளியா' என்ற சொல்லைக் கண்டால் எழுத்துப்பிழை என்றுதான் நினைப்பார். அதை வெட்டி 'கடற்பசு' என்று போடுவார். இரண்டும் ஒன்றுதான், கடற்பசுவின் பதிவில் ஆவுளியாவை ஒரு கீவேர்டாகச் சேர்த்தால் இரண்டு சொல்லும் வாழும். இதைத் தீர்மானிக்க வேண்டியவர் கரையில் இருக்கிறார். அவரிடம் அதிகாரம் இல்லை. அதிகாரம் இருப்பவர் கடலைப் பார்த்ததில்லை. இந்த இரண்டையும் ஓர் ஆளிடம் சேர்ப்பதற்குத்தான் மூடிலில் ரோல் என்ற ஒன்றை வைத்திருக்கிறார்கள்.

சரி, எப்படிக் கொடுப்பது?

புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. மூடிலுடன் வரும் 'நான்-எடிட்டிங் டீச்சர்' ரோலே எங்கள் தேவைக்குப் பெரும்பாலும் பொருந்தும். குளோசரிப் பதிவுகளைத் திருத்தலாம், ஏற்கலாம், நீக்கலாம்; விக்கியை மேலாண்மை செய்யலாம். பாடத்தில் செயற்பாடுகளைச் சேர்க்கவோ அழிக்கவோ முடியாது. அந்த அதிகாரம் 'டீச்சர்' ரோலிலும் அதற்கு மேலுள்ள 'மேனேஜர்' ரோலிலும்தான் இருக்கிறது. முன்பு ஒரு விக்கியே போனதற்குக் காரணம் அந்த ஓர் அதிகாரம்.

இதில் ஒரு கண்ணி உண்டு. விக்கியில் பழைய பதிப்பை மீட்பதும் பக்கத்தை அழிப்பதும் ஒரே அதிகாரத்தில் கட்டிப் போடப்பட்டிருக்கின்றன. மீட்கக் கொடுத்தால் அழிக்கவும் கொடுத்ததாகும். அதனால் பாடத்துக்கு இரண்டு பேருக்கு மட்டும் அதை வைத்துக்கொண்டு, மற்றத் திருத்துநர்களுக்கு அந்த விக்கியின் 'பெர்மிஷன்ஸ்' பக்கத்திலேயே மறுத்துவிடுங்கள். மறுப்பு 'பிரிவென்ட்' ஆக இருக்கட்டும். 'புரொகிபிட்' பக்கம் கையே போக வேண்டாம். மீட்கும் இரண்டு பேருக்குத் தனி ரோல் ஒன்றை அதே விக்கியில் கொடுத்தால் அவர்களுக்கு 'அலவ்' செல்லும்.

பாம்பன் பாலம் போன்றவை விக்கியில் இல்லை, ஒரே பக்கமாக நிற்கும் 'பேஜ்' வகையில் இருக்கின்றன. அதைத் திருத்த 'டீச்சர்' ரோல் தேவை. அதற்காகப் பாடம் முழுவதற்கும் கொடுக்க வேண்டாம். அந்த ஒரு பக்கத்தைத் திறந்து, அதற்குள் இருக்கும் 'லோக்கலி அசைன்டு ரோல்ஸ்' வழியாக அந்த இடத்துக்கு மட்டும் கொடுக்கலாம். தப்பு நடந்தாலும் போவது அந்த ஒரு பக்கம்தான். ஆனால் 'பேஜ்' வகைக்கு விக்கிபோல் பதிப்பு வரலாறு கிடையாது. சேமித்தால் பழையது போய்விடும். தேதி, சட்டம், பாலம், தடைக்காலம் போல மாறக்கூடிய செய்தி எதையும் 'பேஜில்' வைக்காமல் விக்கிக்கு மாற்றுவதே நல்லது. முதலிலேயே அப்படிச் செய்திருக்கலாம் என்பதில் எங்கள் பங்கும் உண்டு.

குழுக்கள் விஷயத்தில்தான் கரையின் இயல்பைப் பார்க்க வேண்டும். இராமேசுவரம் தீவுக்கு வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. வாடை அடிக்கும் மாதங்களில் வடகடல் கொந்தளிக்கும், தென்கடல் அடங்கியிருக்கும், கச்சானில் தலைகீழ். தொண்டிப் பிள்ளைகள் எழுதும் காற்றுக் குறிப்பும் கீழக்கரைப் பிள்ளைகள் எழுதுவதும் ஒன்றாக இருக்க முடியாது, இருக்கவும் கூடாது. இரண்டு பேரையும் ஒரே பக்கத்தில் எழுதவிட்டால் ஒருவர் எழுதியதை இன்னொருவர் "தவறு" என்று அழிப்பார். இருவரும் தங்கள் கடலைப் பொறுத்தவரை சரி. விக்கிக்கு 'விசிபிள் குரூப்ஸ்' வையுங்கள். ஒவ்வொரு குழுவும் தன் பக்கத்தை மட்டும் திருத்தும், மற்றவர் பக்கத்தைப் படிக்கும். இப்போது இருக்கும் 'நோ குரூப்ஸ்' வேண்டாம். 'செபரேட் குரூப்ஸ்' போட்டால் ஒருவர் எழுதியது மற்றவருக்குத் தெரியவே தெரியாது, கூட்டுக் கற்றல் என்ற பெயருக்கே பொருள் போய்விடும். விக்கி உருவாக்கும்போது கூட்டு விக்கியா தனியாள் விக்கியா என்று கேட்கும். அதைப் பிறகு மாற்ற முடியாது. இரண்டு பாடங்களில் தனியாள் விக்கி என்று போட்டுவிட்டார்கள். அவற்றைப் புதிதாக உருவாக்குவதைத் தவிர வழியில்லை.

குழுவில் சேர்ப்பதற்கு ஆள் வைத்துப் பெயர் ஏற்ற வேண்டாம். குழுவுக்கு ஒரு சேர்க்கைச் சாவி (சேரும்போது கேட்கும் கடவுச்சொல்) கொடுத்தால், அந்தச் சாவியோடு சேருபவர் நேராக அந்தக் குழுவுக்குள் விழுவார். ஆனால் பாடத்துக்கும் ஒரு சாவி போட்டிருக்க வேண்டும். அது வெறுமையாக இருந்தால் யாரும் சாவியே கேட்காமல் உள்ளே வந்துவிடுவார்கள். உங்கள் தளத்தில் இப்போது அப்படித்தான் இருக்கிறது: வாசல் திறந்து கிடக்கிறது, பூட்டு அடுக்களையில் தொங்குகிறது.

குளோசரிக்கு முன் அனுமதி வையுங்கள். அதை நாங்கள் எதிர்க்கவில்லை. 'தானாக ஏற்கப்படும்' என்பதை இல்லை என்று மாற்றினால், மாணவர் எழுதும் பதிவு திருத்துநர் ஏற்ற பிறகே எல்லோருக்கும் தெரியும். 'எப்போதும் திருத்தலாம்' என்பதையும் இல்லை என்றே வைக்கலாம். அப்போது எழுதியவருக்குத் தன் பதிவை மாற்ற, தள அமைப்பை மாற்றாதவரை, 30 நிமிடம் கிடைக்கும். ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு துணை குளோசரி, பாடத்துக்கு ஒரே ஒரு முதன்மை குளோசரி. துணையில் பிள்ளைகள் தாராளமாக எழுதட்டும். தேறியவற்றைத் திருத்துநர் முதன்மைக்கு ஏற்றுமதி செய்வார். முதன்மையில் எழுதும் அதிகாரத்தை மாணவரிடமிருந்து எடுத்துவிட்டால் அவர் கை அதில் படாது. நீங்கள் கேட்கும் பாதுகாப்பு இதற்கு மேல் என்ன?

ஆங்கில விக்கிப்பீடியாவை எடுத்துக்கொள்ளுங்கள். உலகமே வந்து திருத்தும் இடம். அங்கே விஷமத்துக்கு ஆளாகும் பக்கத்தை மட்டும் பாதியளவு பூட்டுகிறார்கள். கணக்குத் தொடங்கி 4 நாளும் 10 திருத்தமும் ஆனவர் அதையும் திருத்தலாம். ஒரு பக்கத்தில் சண்டை வந்தது என்று தளத்தையே மூடியதில்லை.

ஒன்றை ஒப்புக்கொள்கிறோம். எங்கள் பக்கம் ஒரே கணக்கைப் பலர் பயன்படுத்தும் பழக்கம் இருக்கிறது. வீட்டில் ஒரு கைபேசி, அண்ணன் தங்கை இருவருக்கும் அதுவே. பள்ளிக் கணினி அறையில் ஒருவர் நுழைந்த கணக்கிலேயே அடுத்தடுத்துப் பிள்ளைகள் எழுதுவார்கள். பதிப்பு வரலாற்றில் யார் எழுதினார் என்பது இதனால் பொய்யாகிவிடும். இதை எங்கள் வகுப்புகளில் நிறுத்துகிறோம். மின்னஞ்சல் இல்லாத பிள்ளைகளுக்குத் தனிக் கணக்கு உருவாக்க நீங்கள் வழி செய்ய வேண்டும்.

இனி எங்கள் கோரிக்கைகள்.

'ஆத்தென்டிகேட்டட் யூசர்' ரோலில் போட்ட மூன்று முழுத்தடைகளையும் இந்த வாரமே எடுங்கள். எடுப்பதற்கு முன் எல்லா ரோல்களையும் எக்ஸ்எம்எல் கோப்பாக ஏற்றுமதி செய்து வைத்துக்கொள்ளுங்கள். ஏதாவது பிசகினால் அதை ஏற்றி ஐந்து நிமிடத்தில் பழைய நிலைக்கு வரலாம். அதே நாளில், பாடப்பிரிவு மட்டத்தில் கொடுத்த 'டீச்சர்' ரோல் அனைத்தையும் திரும்பப் பெறுங்கள். எங்களுடையதும் அதில் இருந்தால் அதையும் எடுங்கள். இரண்டையும் சேர்த்துச் செய்ய வேண்டும். முதலாவதை மட்டும் செய்தால் பழைய விபத்து மறுபடி நடக்கும்.

கடலட்டை வரியை நீங்களே இன்று நீக்குங்கள். அதற்கு எந்த அமைப்பையும் மாற்ற வேண்டியதில்லை.

ஒவ்வொரு கடல்சார் பாடத்துக்கும் வடகடல் பக்கம் இருவர், தென்கடல் பக்கம் இருவர் என்று நான்கு பேருக்கு 'நான்-எடிட்டிங் டீச்சர்' ரோலைப் பாட மட்டத்தில் கொடுங்கள். பெயர்களை நாங்கள் அனுப்புகிறோம். ஒருவர் மூன்று மாதம் தளத்துக்கு வரவில்லை என்றால் அவர் ரோலை எடுத்துவிடுங்கள், வருத்தப்பட மாட்டோம்.

ரீசைக்கிள் பின்னின் ஆயுளை 7 நாளிலிருந்து 60 நாளாக்குங்கள். வட்டில் இடம் போதாது என்றால் 30.

அனுமதியில் அடுத்த முறை எதை மாற்றினாலும், எந்த ரோலில், எந்த மட்டத்தில், எந்த அதிகாரம் என்று மூன்றையும் அறிவிப்பில் எழுதுங்கள். "பாதுகாப்பு கருதி" என்பது எதையும் சொல்லவில்லை.

இவை அனைத்தும் வரும் ஏப்ரல் 15க்கு முன் முடிய வேண்டும். அன்று விசைப்படகுகள் கரையேறும். 61 நாள் கடலோடிகள் வீட்டில் இருப்பார்கள். மே மாதம் பள்ளிக்கும் விடுமுறை. மீன் பெயரும் காற்றின் பெயரும் கடலடிப் பாறையான பாரின் பெயரும் பெரியவர்களிடம் கேட்டு எழுத எங்களுக்கு ஆண்டில் கிடைப்பது அந்த ஒரு காலம்தான். ஜூன் 15 காலையில் அவர்கள் கடலுக்குப் போய்விடுவார்கள்.

இப்படிக்கு,
இராமநாதபுரம் கடற்கரையிலிருந்து உங்கள் தளத்தில் பாடம் எழுதும் ஆசிரியர்களும் திருத்துநர்களும்